சிம்கோ ஏரியில் மஞ்சள் பெர்ச்: உயிர் மினோவா, ஸ்பூனா?

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் சிம்கோ ஏரி. குளிர்காலத்தில் ஏரி உறைந்து ஐஸ் நன்றாக இறுகியதும் மஞ்சள் பெர்ச் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: கொக்கியில் உயிர் மினோ என்கிற சின்ன இரைமீனைக் கொழுவுவதா, மீனைக் கவர மினுங்கும் சின்ன உலோகச் செயற்கை இரையான ஸ்பூனைக் கட்டுவதா?

ஒன்றைத்தான் கொண்டுபோகலாம் என்றால் நான் ஸ்பூனைத்தான் எடுப்பேன்.

பெர்ச் தனியாகத் திரிகிற மீனில்லை. கூட்டமாக, அடித்தரையை ஒட்டி மேய்ந்தபடி நகரும். ஐஸில் நாம் போட்ட துளைக்குக் கீழே கூட்டம் நிற்பது பல நேரம் சில நிமிடங்கள்தான். அதற்குள் தூண்டில் எத்தனை தடவை கீழே போய் வருகிறது என்பதில்தான் அன்றைய மீன் இருக்கிறது. மினோக்காரர் ஒவ்வொரு மீனுக்கும் கையுறையைக் கழற்றி, வாளித் தண்ணீருக்குள் கைவிட்டு, வழுக்கியோடும் மினோவைப் பிடித்துக் கொக்கியில் ஏற்ற வேண்டும். மைனஸ் 15 செல்சியஸில் மூன்றாவது மீனுக்கே விரல் நுனி மரத்துப்போகும். ஸ்பூன்காரர் மீனைக் கழற்றியதும் அப்படியே திரும்ப இறக்கிவிடுகிறார். உலோகத்தின் பாரத்தில் எட்டு மீற்றர் ஆழமும் விறுவிறுவென்று இறங்கிவிடும்.

அடுத்தது மினுக்கம். 1990களில் வரிக்குதிரை மட்டி இந்த ஏரிக்குள் பரவியது. அது தண்ணீரை வடிகட்டித் தின்னுகிற உயிர். ஏரி நன்றாகத் தெளிந்துவிட்டது. அதனால் ஸ்பூனின் மினுக்கம் தூரத்து மீனுக்கும் தெரிகிறது. ஸ்பூனை அடியில் ஒருமுறை தட்டினால் சேறு புகைபோல எழும், அதைப் பார்க்கவும் பெர்ச் வரும். ஆனால் அதே தெளிவில் தங்கூசியும், அதாவது தூண்டில் நூலும், தெரியும். எதைக் கட்டினாலும் நாலு இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசிக்கு மேல் போக வேண்டாம்.

சரி, மினோ எப்போது வெல்லும்? மீன் மந்தமாக இருக்கும் நாளில். ஒரு பெப்ரவரிக் காலை, ஏரியின் குக்ஸ் விரிகுடா. மீனைக் காட்டும் சோனார் திரையில் கோடு எழும்பி ஸ்பூன்வரை வரும், நிற்கும், இறங்கிப் போய்விடும். ஒரு மணி நேரம் இதேதான். கடைசியில் சின்ன மினோ ஒன்றை முதுகுச் செட்டைக்குக் கீழே கொழுவி, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆட்டாமல் நிறுத்தினேன். கோல் நுனி அரை அங்குலம் சாய்ந்தது, அவ்வளவுதான். தூக்கினால் உள்ளங்கையை விட நீளமான பெர்ச். அதற்குப் பிறகு மதியம்வரை மினோதான்.

எனக்கு மினோவில் பிடிக்காதது ஒன்று. நிற்கிற இரையை மீன் ஆற அமர விழுங்கிவிடுகிறது, கொக்கி தொண்டைக்குள் போய்விடுகிறது. திருப்பி விட வேண்டிய குஞ்சு மீன் பிழைப்பது கஷ்டம். ஸ்பூனில் பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். பத்து மீற்றரைத் தாண்டிய ஆழத்திலிருந்து இழுத்தால் காற்றுப்பை உப்பிவிடும். அங்கே எந்த இரையானாலும் விடுகிற மீன் தப்புவது சந்தேகம். குஞ்சு மீன் மட்டுமே ஏறினால் ஆழம் குறைந்த இடத்துக்கு மாறிவிடுங்கள்.

மினோவுக்குச் சட்டமும் கூடுதல். ஒன்ராறியோவில் மாகாணத்தைப் பிரித்து வைத்திருக்கும் இரை மண்டலங்களில், இரைமீனை வாங்கிய மண்டலத்துக்குள்தான் பயன்படுத்தலாம், ரசீதும் கையில் இருக்க வேண்டும். மிஞ்சியதை ஏரியில் கொட்டவே கூடாது. வைத்துக்கொள்ளக்கூடிய பெர்ச் எண்ணிக்கை எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான்: முழு மீன்பிடி உரிமத்துக்கு 50, குறைவாகவே வைத்துக்கொள்ளவிடும் பாதுகாப்பு (conservation) உரிமத்துக்கு 25.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, ஸ்பூன் கொக்கியில் மினோவின் தலையை மட்டும் கொழுவுவது. மணமும் இருக்கும், வேகமும் குறையாது. ஆனால் ஐஸில் ஒருவருக்கு இரண்டு தூண்டில் அனுமதி இருப்பதால் நான் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போடுகிறேன். ஒன்றில் ஸ்பூன் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்க வந்து கடிக்காமல் திரும்புகிற பெர்ச்சுக்கு, மற்றதில் மினோ.