ஒட்டுக்கேட்டதா, கண்ணால் கண்டதா?

உளவில் எது பெரிது என்று பேச்சு வந்தால் இப்போது எல்லோரும் ஒட்டுக்கேட்பைத்தான் சொல்கிறார்கள். ஆள் அனுப்பத் தேவையில்லை, பிடிபடும் பயமும் இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1942 ஜனவரியில், சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே, பிரித்தானியரின் சங்கேதம் உடைப்பவர்கள் கொழும்புக்கு வந்து பெம்புரோக் கல்லூரியில் மேசை போட்டார்கள். ஐந்தைந்து இலக்கங்களாக வந்த ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளை உடைத்து, மார்ச் கடைசியிலேயே இலங்கைக்குக் குறி என்று சொல்லிவிட்டார்கள். பெரிய வேலைதான். ஆனால் நாள் பிசகியது. ஏப்ரல் 1 அளவில் வருவார்கள் என்று பிரித்தானிய அட்மிரல் சமர்வில்லின் கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தன. யாரும் வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் தேடி மாலைதீவுப் பக்கம் போய்விட்டன.

4ஆம் திகதி பின்னேரம் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானத்தின் கனேடிய விமானி லியோனார்ட் பேர்ச்சல், தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டார். எத்தனை, என்னென்ன கப்பல் என்று பார்க்க இன்னும் கிட்டப் போனார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். உயிர் தப்பியவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஆனால் செய்தி வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழும்போது பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போயிருந்தன. ஒட்டுக்கேட்டவர்கள் எச்சரித்ததால்தான் தேடலே மும்முரமானது, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் என் வாக்கு பேர்ச்சலின் கண்ணுக்குத்தான்.

செய்மதி, ஆய்வுக் கப்பல் எல்லாம் மூன்றாவது வழி. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டில்லி கலங்கியது. ஏவுகணையின் பாதையை அப்படிப்பட்ட கப்பல் சொல்லும், ஒரு ஆளின் எண்ணத்தைச் சொல்லாது.

அந்த எண்ணமும் முன்கூட்டியே தெரிந்த ஒரு தடவை உண்டு. 2019 ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஆளின் பெயர் இருந்தது, தேவாலயங்கள் குறி என்றும் இருந்தது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடிக்கும்வரை கையில் பதினேழு நாள். 1942இல் கிடைத்தது ஒரே ஒரு இரவு, அதற்குள் துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். 2019இல் கடிதம் மேசைக்கு மேசை போனது. தகவல் இருந்தும் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அன்று ஞாயிறு பூசைக்குப் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் முழுதாக வீடு திரும்பவில்லை.