சிஎன்சி ரவுட்டருக்காகச் சுற்றி வாங்கிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டில் நானே கட்டிய மூன்று அச்சு மர ரவுட்டருக்காக (கணினி சொல்லும் பாதையில் மரத்தை வெட்டிச் செதுக்கும் சிஎன்சி இயந்திரம்), கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறிய வைண்டிங் பட்டறையில் 28 வோல்ட், 300 விஏ (வோல்ட்-ஆம்பியர், அதாவது தாங்கும் திறன்) டொராய்டல், அதாவது வளைய வடிவ, டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சொல்லிச் செய்வித்தேன். மோட்டாரையும் அதை இயக்கும் டிரைவர் என்ற மின்னணுப் பெட்டியையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்கூட மின்வழங்கியை மட்டும் கடையில் கிடைப்பதை வைத்து முடித்துவிடுகிறார்கள் என்பதால், எட்டு மாதங்கள் பயன்படுத்திய பின் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நானும் முதலில் 36 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (கடையில் கிடைக்கும் ஸ்விட்சிங் வகை மின்வழங்கி) ஒன்றைத்தான் பொருத்தினேன். வெட்டும் தலையைத் தாங்கி நகரும் கனமான கேன்ட்ரி வேகமாக ஓடிவந்து சட்டென நிற்கும்போதெல்லாம் அது அணைந்துபோனது; ஒரு நல்ல தேக்குப் பலகை பாதி வெட்டில் வீணானது. வேகம் குறையும் நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டரைப் போலச் செயல்பட்டு, அசைவின் ஆற்றலை டிரைவர் வழியாக மின்வழங்கிக்கே திருப்பி அனுப்புகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டில் கெபாசிட்டர் இல்லாவிட்டால், வோல்டேஜ் ஏறி, பாதுகாப்புச் சுற்று அதை அணைத்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், பெரிய கெபாசிட்டர் என்ற பழைய அமைப்பில் அந்த ஆற்றல் கெபாசிட்டரில் தங்கி, அடுத்த அசைவுக்கே செலவாகிவிடுகிறது.

என் மோட்டார்கள் மூன்றும் நெமா 23 என்ற அளவிலான ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒவ்வொன்றும் 3 ஆம்பியர், தூண்டல் அளவு (இண்டக்டன்ஸ்) 1.6 மில்லிஹென்றி. மில்லிஹென்றி மதிப்பின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்குக் கொடுக்கத்தக்க உச்ச வோல்டேஜ் கிடைக்கும் என்ற விதிப்படி 40 வோல்ட் வந்தது. மூன்று மோட்டார்களின் மொத்த ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 ஆம்பியர், மின்வழங்கிக்குப் போதும். இந்தக் கணக்கை வைத்து நான் 200 விஏ கேட்டபோது பட்டறைக்காரர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ரெக்டிஃபயருக்குப் பின் கெபாசிட்டர் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றதும், அப்படியானால் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச்சுற்றில் ஓடும் ஏசி மின்னோட்டம் டிசி மின்னோட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும், 300 விஏவுக்குக் குறைந்தால் சூடேறும் என்றார். இந்த ஒரு கேள்விக்காகவே அவரை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

சுமையில்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் 30 வோல்ட் தருகிறது. கெபாசிட்டர் ஏசியின் உச்ச அளவுக்கு ஏறி நிற்பதால், ரெக்டிஃபயருக்குப் பின் அது 41 வோல்ட் டிசி. எங்கள் பகுதியில் இரவில் மின்சாரம் 245 வோல்ட் வரை ஏறும்போதும் 44ஐத் தாண்டியதில்லை. நான் பயன்படுத்தும் டிஎம்542 டிரைவரின் எல்லை 50 வோல்ட் என்பதால், மோட்டார் திருப்பி அனுப்பும் ஆற்றலுக்கும் இடம் மிஞ்சுகிறது. 63 வோல்ட் தாங்கும் 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் இரண்டை இணையாகப் போட்டிருக்கிறேன். 6 ஆம்பியர் இழுத்தாலும் ஏற்ற இறக்கம் 3 வோல்ட்டுக்குள் அடங்கும். ஸ்விட்சை அணைத்த பின்னும் அவற்றில் மின்னேற்றம் நிற்கும் என்பதால், அதை வடிக்க 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் உண்டு. அப்படியும் ஒன்றரை நிமிடம் காத்திருந்துதான் பெட்டிக்குள் கைவைக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட நடு வேலையில் இயந்திரம் நின்றதில்லை. நான்கு மணிநேர வேலைக்குப் பிறகும் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் உள்ளங்கையை வைத்திருக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னது பதினாறு நாளாயிற்று. எந்த ஒயர் எந்தக் கம்பிச்சுற்றுடையது என்று எதிலும் எழுதவில்லை. மீட்டர் வைத்து நானே கண்டுபிடித்தேன். இதைவிடப் பெரிய குறை, நடுத்துளையில் மாட்டும் போல்ட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதது. அந்த போல்ட்டின் இரு முனைகளும் உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஷார்ட் ஆன ஒரு கம்பிச்சுற்றைப் போலாகிவிடும், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். புதிதாக வாங்குபவருக்கு இதை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைவிட விலை கூடுதல், எடையும் ஏறக்குறைய 3 கிலோ. டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்விட்ச் போடும் கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் கண நேர மிகை மின்னோட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ்தான் போட வேண்டும். அவசர நிறுத்த பட்டனை ஏசி பக்கத்தில் வைத்திருக்கிறேன். டிசி பக்கத்தில் துண்டித்தால் டிரைவர்கள் பழுதாகக்கூடும். அடுத்து நான் கட்டவிருக்கும் சிறிய லேத்துக்கும் இதே பட்டறையில்தான் சொல்லியிருக்கிறேன். இம்முறை ஒயர்களின் விவரத்தை எழுதித் தருவதாக அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.