மால்ட்டாவில் ஒரு பகல்: வலெட்டாவா, இம்தினாவா?

மால்ட்டாவில் ஒரு பகல் மட்டுமே கிடைப்பவர், கடலோரத் தலைநகரான வலெட்டாவுக்கும் தீவின் உட்பகுதியில் குன்றின்மீது அமைந்த பழைய தலைநகர் இம்தினாவுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். என் தேர்வு வலெட்டாவே.

1565இல் உதுமானியர் முற்றுகையை முறியடித்த புனித யோவான் சபை என்னும் கிறித்தவப் போர்த்துறவியர் அமைப்பின் வீரர்கள் மறு ஆண்டே அடிக்கல் நாட்டிய அந்நகரில், புனித யோவான் இணைப்பேராலயத்தைக் காண்பதற்காகவே செல்லலாம். வெளியே கோட்டைபோல எளிமையாகத் தோன்றும் அதன் உள்ளே, தரை முழுவதும் வண்ணப் பளிங்குக் கல்லறைப் பலகைகள் பரந்திருக்க, திருமுழுக்கு யோவானின் தலை கொய்யப்படுவதைக் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய பேரோவியம் சுவரை நிறைத்து நிற்கிறது. அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இதுவே. அந்தக் கையொப்பமும் ஓவியத்தில் வழிந்தோடும் குருதியின் நிறத்திலேயே எழுதப்பட்டது என்பதால், ஓவியத்தின்முன் அவசரமின்றி நிற்க வேண்டும். பின்னர் மேல் பராக்கா தோட்டத்திலிருந்து பெருந்துறைமுகத்தைப் பார்க்கலாம்.

இம்தினா சிறியது, மதிலுக்குள் வாகனங்கள் மிகக் குறைவு. 1693 நிலநடுக்கத்துக்குப் பின் லொரென்சோ கஃபா வடிவமைத்த பேராலயம் அங்கே முதன்மையானது. வலெட்டாவின் செங்குத்தான படித்தெருக்கள் முதியோருக்குக் கடினமாதலால், பெற்றோருடன் செல்வோர் இம்தினாவையே தேர்ந்தெடுக்கலாம். மாலைப்பொழுது அதற்கு ஏற்றது.