வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்: ஒதுக்கப்பட்ட கனிம நிலத்தைத் தேட இணைய அரசிதழ் எந்த அளவுக்கு உதவும்?

சுரங்கத்துக்கோ குவாரிக்கோ நிலம் பார்ப்பவர்கள் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, முப்பது வருட வில்லங்கச் சான்று என்று ஒரு கட்டுத் தாளைச் சேர்த்துவிடுவார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த நிலத்துக் கனிமத்தை அரசு தன் நிறுவனத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால், அந்தக் கட்டில் எங்கே புரட்டினாலும் அது தெரியாது. ஒதுக்கீடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவதில்லை, அரசிதழில் வெளியாகிறது. அதனால் மத்திய அரசின் இ-கெஜட் தளத்தையும், தமிழ்நாடு எழுதுபொருள் அச்சுத் துறை இணையத்தில் போடும் அரசிதழையும் இந்த ஒரு வேலைக்கு எந்த அளவுக்கு நம்பலாம் என்று இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் எதை எங்கே தேடுவது என்று பார்ப்போம். 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 17ஏ பிரிவில் மூன்று வாசல்கள் உண்டு. உட்பிரிவு (1), கனிமத்தைப் பாதுகாக்க மத்திய அரசு செய்யும் ஒதுக்கீடு. (1ஏ), மத்திய அரசு தன் நிறுவனத்துக்காகச் செய்வது. இந்த இரண்டுக்கும் மாநில அரசைக் கலந்துகொள்ள வேண்டும். (2), மாநில அரசு மத்திய அரசின் ஒப்புதல் வாங்கித் தன் நிறுவனத்துக்காகச் செய்வது. முதல் இரண்டும் இந்திய அரசிதழில் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (ii)-இல் எஸ்.ஓ. (சட்டபூர்வ ஆணை) எண்ணோடு வரும். மூன்றாவது மாநில அரசிதழில் வரும். பலர் சறுக்குவது இங்கேதான். இ-கெஜட்டில் தேடி ஒன்றும் வரவில்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

இ-கெஜட்டில் அமைச்சகம், பகுதி, தேதி எல்லாவற்றையும் கொடுத்துத் தேடலாம். சுரங்க அமைச்சகத்தைத் தேர்ந்தெடுங்கள். பழுப்பு நிலக்கரி என்றால் நிலக்கரி அமைச்சகம். சமீப வருட இதழ்களுக்கு இது நல்ல கருவி, தயங்காமல் பாராட்டலாம். பழைய இதழ்கள் ஸ்கேன் செய்த படங்கள் என்பதால் ஊர்ப் பெயர் போட்டுத் தேடினால் சிக்காது. மாத வாரியாகத் திறந்து கண்ணால்தான் படிக்க வேண்டும்.

மாநில அரசிதழுக்கு உழைப்பு அதிகம். புதன்தோறும் வரும் வார இதழும், இடையில் வரும் சிறப்பு வெளியீடுகளும் வருடம், இதழ் எண் வரிசையில் கிடக்கும். கனிமம் இப்போது இயற்கை வளங்கள் துறையில் இருக்கிறது. முன்பு தொழில் துறையில் இருந்ததால் பழைய இதழ்களில் அந்தத் தலைப்பின் கீழ் பாருங்கள். மாவட்டப் பெயரும் ஏமாற்றும். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய அறிவிக்கையில் தர்மபுரி என்று இருக்கும், 1965க்கும் முன்னால் போனால் சேலம். கள்ளக்குறிச்சிக்கு 2019க்கு முன் விழுப்புரம்.

அறிவிக்கை கையில் கிடைத்ததும் கனிமத்தின் பெயரைப் பாருங்கள். ஒதுக்கீடு அதில் சொன்ன கனிமத்துக்குத்தான். அடுத்து எல்லை. அறிவிக்கையில் சர்வே எண் 112 என்று முழுப் புலமாக இருந்து, உங்கள் நிலம் இன்று 112/3பி என்றால், அதுவும் உள்ளே அடக்கம். ‘112 பகுதி’ என்று இருந்தால் வரைபடம் இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. நிலத்தை அளந்து வரி நிர்ணயிக்கும் நிலவரித் திட்டத்தில் எண்ணே மாறியிருந்தால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, எஃப்.எம்.பி. (புல அளவுப் புத்தக) வரைபடத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். பரப்பையும் கூட்டிச் சரிபாருங்கள்: பழைய அறிவிக்கையில் 40 ஏக்கர் என்றால் 16.19 ஹெக்டேர் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு புல எண்ணைத் தவறவிட்டிருக்கிறீர்கள், அல்லது கிராம எல்லை மாறியிருக்கிறது.

பழசுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. கட்ச், ஜாம்நகர் மாவட்டங்களின் பாக்சைட்டை குஜராத் 1963–64இல் ஒதுக்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. காட்குரி இரும்புத் தாதை ஒதுக்கிய 1962, 1969 அறிவிக்கைகள் பீகார் அரசுடையவை. அந்த இடம் ஜார்க்கண்டுக்குப் போன பிறகும், 2012இல் மோனட் இஸ்பாட் என்ற தனியார் உருக்கு நிறுவனத்தின் வழக்கில் அவையே தனியார் விண்ணப்பங்களைத் தடுத்தன. அரசோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தைக் காட்டியும் பலனில்லை. 17ஏ நடைமுறைக்கு வந்தது 1987 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய மாநில ஒதுக்கீட்டுக்கு மத்திய ஒப்புதல் தேவையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே பழைய அறிவிக்கையில் ஒப்புதல் வரி இல்லையே என்று வாதாடுவது வீண்.

கிரானைட் போன்ற சிறு கனிமத்துக்கு ஒதுக்கீடு விதிக்குள்ளேயே இருக்கக்கூடும், அதற்குத் தனி அறிவிக்கை தேடிப் பயனில்லை. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின் 8சி, 1977 டிசம்பர் 7 முதல் கறுப்புக் கிரானைட் குத்தகையைத் தனியாருக்குக் கிடையாது என்றாக்கியது. அரசோ, முழுக்க அரசுக்குச் சொந்தமான கழகமோதான் எடுக்கலாம் என்றிருந்தது. பட்டா நிலமானால் உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஹிந்த் ஸ்டோன் வழக்கில் 1981இல் இதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விண்ணப்பம் போட்ட நாளின் விதியை விட்டுவிட்டு, முடிவெடுக்கும் நாளில் உள்ள விதியே பொருந்தும் என்பது அதில் முக்கியம். அதனால் விதிப் புத்தகத்தை அன்றைய தேதி வரையிலான திருத்தங்களோடு படியுங்கள்.

இரண்டு அரசிதழ்களுக்கும் பொதுவான பெரிய குறை, ஒதுக்கீடு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவை சொல்லாதது. 2021 திருத்தப்படி, 17ஏ ஒதுக்கீடு செய்து ஐந்து வருடத்துக்குள் சுரங்கக் குத்தகை வழங்காவிட்டால் அது காலாவதி ஆகும். அரசு நிறுவனம் கெடுவுக்குள் கேட்டால், காரணம் எழுதி அதிகபட்சம் ஒரு வருடம் தளர்த்தலாம். காலாவதி சட்டத்தின் பலத்திலேயே நடப்பதால் அரசிதழில் வரி வராமலே போகலாம். சட்டத்தின் வாசகம் ‘இந்தப் பிரிவின் கீழ்’ செய்த ஒதுக்கீடுகளைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள். 1987க்கு முந்தையவை தாமாகத் தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளாதீர்கள். காலாவதியானாலும் இரும்புத் தாது, பாக்சைட் போன்ற பெருங்கனிமம் ஏலத்துக்குத்தான் போகும், முதலில் மனு போட்டவர் என்ற முன்னுரிமை 2015க்குப் பின் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது தகவல் உரிமை மனுதான். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஒதுக்கப்பட்டுள்ளதா?’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். கிராமம், பழைய மற்றும் புதிய சர்வே எண், கனிமம் மூன்றையும் எழுதி, ஒதுக்கீட்டு அறிவிக்கையின் நகல், அதோடு சேர்ந்த வரைபடம், குத்தகை வழங்கிய ஆணையின் நகலும் தேதியும், காலத் தளர்வு ஆணை என்று ஆவணம் ஆவணமாகக் கேளுங்கள். பதில் அரைகுறையாக வந்தால், அது கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.