குழுவாக வாசிக்க ‘டப்ளினர்ஸ்’

1914இல் வெளிவந்த, அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் 15 கதைகள். கூடி உட்கார்ந்து பேசுவதற்கென்றே எழுதியது போன்ற புத்தகம்.

முதல் கூட்டத்துக்கு, தோழியின் அக்காவுக்கு அல்ல, தான் விரும்பும் பெண்ணுக்குப் பரிசு வாங்கச் சந்தைக்குப் போகும் சிறுவனின் கதையான ‘அராபி’ போதும். சிறுவன் கையில் ஒரு ஃபுளோரின், அதாவது 24 பென்ஸ். சந்தைக்குள் நுழையவே ஒரு ஷில்லிங், 12 பென்ஸ் போய்விடுகிறது. முடிவில் பைக்குள் இரண்டு பென்னிகள் ஒரு ஆறு பென்ஸ் நாணயத்தின் மேல் விழுகின்றன. மிச்சம் எட்டே பென்ஸ். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், பேச்சு தானாகக் கிளம்பும். அதனால்தான் பழைய நாணயங்களுக்கும் கத்தோலிக்கச் சொற்களுக்கும் குறிப்புள்ள பதிப்பையே வாங்கச் சொல்கிறோம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் மூலம்தான்.

கூட்டம் சோர்ந்துபோவது ‘ஐவி டே’ கதையில். அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் யார், அவர் இறந்த அக்டோபர் 6 அன்று ஏன் ஐவி என்ற கொடியின் இலையைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள் என்று முன்பே ஐந்து நிமிடம் சொல்லிவிட வேண்டும்.

‘தி டெட்’ மிக நீளம், இரண்டு கூட்டம் பிடிக்கும். நாயகனின் மனைவி கிரெட்டா மாடிப்படியில் நின்று பாட்டைக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசிப் பனிப் பத்தியை ஒருவர் மட்டும் மெதுவாக வாசிக்கட்டும். முடிந்தவுடன் யாரும் பேச வேண்டாம்.