எம்.ஓ.எச். கிளினிக் ஊசி: வேலை சுத்தம், விளக்கம் குறைவு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பிள்ளைக்கு ஊசி போட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கா, காசு கட்டித் தனியார் இடமா என்று யோசிப்பவர்களுக்கு: அட்டவணையில் உள்ள ஊசிகளுக்கு கிளினிக்கே போதும். சனம் கூடின நாளில் மிட்வைஃபுக்கு விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்காது, அதுதான் குறை. அதனால்தான் "எல்லாம் ஒரே மருந்துதானே, ஒன்று விட்டால் என்ன?" என்று வீட்டில் பேச்சு வருகிறது.

2, 4, 6 மாதங்களில் தொடையில் போடும் பென்டா மூன்று முறையும் ஒரே மருந்து, ஒரே 0.5 மி.லீ. தொண்டைக் கரப்பான், கக்குவான், ஏற்புவலி, ஹெப்படைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சல், நியூமோனியா தரும் ஒரு கிருமி) என்று ஐந்துக்கும் அது ஒன்றே. முதல் ஊசி உடம்புக்குக் கிருமியை அடையாளம் காட்டும். அடுத்தவை அந்த நினைவை உரப்படுத்தும். ஒன்றோடு நின்றால் காப்பு அரைகுறைதான். பிந்திவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

அதற்குப் பிறகு மருந்து மாறும். 18 மாதத்தில் முக்கூட்டு (தொண்டைக் கரப்பான், கக்குவான், ஏற்புவலி) மட்டும். 5 வயதில் கக்குவான் பகுதி இல்லை. ஏழாம் ஆண்டு வகுப்பில் பள்ளிக்கூடத்தில் போடும் ஊசியில் தொண்டைக் கரப்பான் பகுதியின் அளவு குறைவு, வளர்ந்த உடம்பில் வீக்கமும் வலியும் கூடாமல் இருக்க. எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி) கதை வேறு. 9 மாதத்தில் போட்டால் சின்னமுத்துக்கு எதிராக ஏறத்தாழ 85 வீதமான பிள்ளைகளுக்குத்தான் பலன் பிடிக்கும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறுக்கே நிற்பதால். 3 வயதில் போடுவதும் அதே மருந்துதான், முதலில் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு.

மருந்துக் குப்பியில் ஒட்டிய, சூடுபட்டதா என்று காட்டும் வட்டத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உள்ளே உள்ள சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறி இருந்தால் சரி. வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் சூடுபட்ட மருந்து, போடக்கூடாது. ஆனால் உறைந்து கெட்டதை அந்த வட்டம் காட்டாது. பென்டா உறைந்தால் பலன் போய்விடும், 2 முதல் 8 பாகை செல்சியஸில்தான் இருக்க வேண்டும்.

எம்.எம்.ஆர். தூளைக் கரைத்தால் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்கு. பிள்ளைகள் சேரட்டும் என்று இருக்கச் சொன்னால் காரணம் அதுதான், சினக்க வேண்டாம். ஊசி போட்ட உடனே ஓட்டோவுக்கு ஓடாமல் 20 நிமிடம் அங்கேயே இருங்கள்.