ஆக்சலாட்டிலோடு நெடும்பயணம்: ஆக்சிஜன் பையா, மூடி போட்ட டப்பாவா?

மதுரையில் ஆக்சலாட்டில் என்ற, பல்லி போன்ற உருவமுள்ள நீர்வாழ் சாலமாண்டரை வளர்ப்பவர்கள் வீடு மாற்றிச் செல்லும்போதோ, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ புதிய குட்டி ஒன்றை வாங்கி வரும்போதோ, வண்ணமீன் கடைகளில் கட்டித் தரும் ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பையை நம்புவதா, வீட்டிலுள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுப்பதா என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆக்சிஜனைப் பற்றியதாகவே பேசப்படுகிறது. நம் ஊரிலோ அதற்கு முன்பாகக் கணக்கில் எடுக்க வேண்டியது வெப்பம். மெக்சிகோ நகரத்தை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் சோச்சிமில்கோ நீர்நிலைகள்தான் இந்த உயிரினத்தின் தாயகம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் நீரில் நலமாக இருக்கும் ஆக்சலாட்டில், 24 டிகிரியைத் தாண்டினால் துன்பப்படத் தொடங்கும். சித்திரை வெயிலில் மதுரைக் குழாய்நீரைத் தொட்டுப் பார்த்தவருக்கு அதன் பொருள் விளங்கும்.

நீர் சூடாகும்போது தொல்லை பல வழிகளில் சேர்ந்து வருகிறது. 18 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கக்கூடிய நீர், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம் அளவுக்கே வைத்திருக்கும். அதே வேளையில் விலங்கின் உடலியக்கம் விரைவடைவதால் அதற்கு முன்னைவிடக் கூடுதலான ஆக்சிஜன் தேவைப்படும். கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சுப் பங்கும் ஏறும். பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8 உள்ள நீரில் அந்தப் பங்கு 20 டிகிரியில் 4 சதவீதத்தை ஒட்டியும், 30 டிகிரியில் 7.5 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே வளர்ந்த ஆக்சலாட்டிலுக்கு உணவை நிறுத்தச் சொல்வது, பயண நீரில் கழிவு சேராமல் இருப்பதற்காகத்தான். குட்டிகளுக்கு ஒரு நாள் போதும்.

இனி இரண்டு கலன்களையும் பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி ஆக்சிஜனுமாக, ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைப் பையில் கட்டினால், வழியில் யாரும் திறந்து பார்க்கத் தேவையில்லாமல் பல மணி நேரம் தாங்கும். விரல்நீளக் குட்டிக்கு இது மிகப் பொருத்தமானது. ஆனால் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்த ஆக்சலாட்டில் பைக்குள் வளைந்து கிடக்கும். பையின் கூர்மூலையில் தலை சிக்கினால் செவுள் மடங்கும். மூலைகளை மடித்து டேப் ஒட்டிவிடுவது இதற்காகத்தான். டப்பாவில் அது நேராகப் படுக்கலாம், மூடியைத் திறந்து பார்க்கலாம், அழுக்கான நீரைப் பாதி வழியில் மாற்றலாம். ஆக்சலாட்டில் செவுளாலும் தோலாலும் மூச்சுவிடுவதோடு, மேலே வந்து காற்றை விழுங்கவும் செய்யும் என்பதால், அகலமான டப்பாவில் உடல் மூழ்கும் அளவுக்கு நீர் விட்டு, மேலே காற்றுக்கு இடம் விட்டாலே போதும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு தேவையில்லை என்பது என் கருத்து. வண்டி குலுங்கும்போது நீர் தானே அலைந்து காற்றைக் கலந்துகொள்ளும், அதோடு பம்பின் இரைச்சலும் நீரோட்டமும் இந்த விலங்குக்கு ஒவ்வாதவை. பையோ டப்பாவோ, ஒன்றில் ஒன்றை மட்டும் விட வேண்டும். குட்டிகளைச் சேர்த்து விட்டால் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும்.

இரண்டுமே தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால்தான் பயன் தரும். மருந்துக் கடையில் தடுப்பூசி வந்து இறங்கிய பெட்டி கிடைத்தால் நல்லது. மீன் சந்தையில் கழித்த பெட்டியில் உப்பும் நாற்றமும் ஊறியிருக்கும் என்பதால் அது வேண்டாம். குளிர்ச்சிக்கு, உறைந்த தண்ணீர் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கலனுக்கு மேற்பக்கமாக வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். ஐஸ் கட்டியை நீரிலேயே போடுவதை எந்த நிலையிலும் நான் ஏற்க மாட்டேன். அரை லிட்டர் ஐஸ் உருகும்போது ஈர்க்கும் வெப்பம் 5 லிட்டர் நீரை 8 டிகிரி அளவுக்கு இறக்கிவிடும். பயணக் கலனில் இருப்பதோ அதைவிடக் குறைந்த நீர். அவ்வளவு திடீர் மாற்றத்தை விலங்கு தாங்காது.

வாகனத்தைப் பொறுத்தவரை சொந்தக் கார் முதலிடம் பெறும். ஏசியும் நிறுத்தமும் நம் கையில் இருப்பதால் டப்பாவின் நன்மைகள் முழுதும் அங்கேதான் கிடைக்கின்றன. திருச்சியை ஒட்டி உணவுக்கு இறங்கும்போது ஏசியை அணைத்துப் பெட்டியைக் காரில் விட்டுச் செல்லாமல், ஒருவர் காவலிருக்க வேண்டும். ரயில் என்றால், காலையில் கிளம்பி உச்சி வெயில் தணியாத பிற்பகலில் சென்னை சேரும் வைகையைவிட, இரவில் கிளம்பி அதிகாலையில் சேர்க்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டி மேலானது. அங்கே படுக்கைக்கு அடியில் டப்பா தளும்பும் என்பதால் நான் பையையே தேர்ந்தெடுப்பேன். ஆம்னி பஸ்ஸில் டிக்கியில் வைக்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். பார்சலில் தனியே அனுப்புவது ஒப்பிடவே தகுதியற்ற வழி. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டில் இருப்பதால், 2022 திருத்தத்துக்குப் பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி செய்த பதிவுச் சான்றின் நகல் எந்த வாகனத்திலும் உடன் இருக்க வேண்டும்.

சேருமிடத்தில்தான் பை தன் குறையைக் காட்டும். மூடிய பைக்குள் சேரும் கரியமில வாயு நீரின் பிஎச் அளவைக் குறைத்து, அமோனியாவின் நச்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அதே அமோனியா திடீரென்று நஞ்சாகும். ஆகவே பையைத் திறக்காமலேயே தொட்டி நீரில் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பநிலையும் ஒன்றானபின் திறந்து, நேரம் கடத்தாமல் விலங்கை மட்டும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அவ்வப்போது திறந்து நீர் மாற்றி வந்த டப்பா என்றால் இந்த அவசரம் இல்லை. குளோரின் நீக்கிய தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து, அரை மணி நேரம் பழக்கிவிட்டு இறக்கலாம். அன்றைக்கு உணவு வைக்காமல், தொட்டி விளக்கையும் அணைத்து விடலாம்.